வீட்டில் வைக்கக் கூடாத செடி

எங்கள் தெருவின் கடைசி மனை பல வருடங்களாகக் காலியாகக் கிடந்தது. அகரம்தென் சாலையிலிருந்து பிரியும் தெரு அது. நாங்கள் குடிவந்த புதிதில் பாதித் தெரு மண்தான். அந்த மனையில் ஒரு வேப்பமரம், அதைச் சுற்றிச் சூரைமுள் புதர். ஒவ்வொரு ஆவணியிலும் அந்த முள்ளைப் பிடித்துக்கொண்டு ஒரு கொடி மேலே ஏறும். புரட்டாசி, ஐப்பசியில் பூக்கும். காந்தள். குப்பை கொட்டப் போகிற பெண்கள் நாங்கள் நான்கைந்து பேர்தான் அதைப் பார்ப்போம். பூ தலைகீழாகத் தொங்கும், ஆனால் இதழ்களை மேலே மடக்கிக்கொள்ளும். முதல் நாள் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கி, கடைசியில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் எல்லா நிறமும் ஒன்றாக இருக்கும்.

ஒரு மாசி மாதம் பொக்லைன் வந்தது. வேப்பமரம் ஒரு மணி நேரத்தில் போயிற்று. அஸ்திவாரம் தோண்டிக் குவித்த மண்ணில், புதர் இருந்த மூலைப்பக்கம், கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த கிழங்குகள் கிடந்தன. பழுப்புத் தோல், சுண்டுவிரல் கனம். கொடி காய்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடு தூங்கும் காலம் அது. மூன்று கிழங்குகளைப் பொறுக்கித் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

வாசலில் அம்மா உட்கார்ந்திருந்தார். பையை வாங்கிப் பார்த்தார்.

"இத எதுக்குடி கொண்டாந்த?"

"நம்ம மூலையில பூக்குமே, அந்தக் காந்தள்மா. மாடியில வைக்கலாம்னு."

"கண்வலிக்கிழங்கு. அத வூட்டுல வைக்கக் கூடாது. சண்ட வரும்."

எழுபது வயதுக்கு மேல் ஆகிறது அம்மாவுக்கு. மதுராந்தகம் பக்கத்து ஊர். சகுனம், நாள், நட்சத்திரம் எதையும் பெரிதாகப் பார்க்கிறவர் இல்லை. செவ்வாய்க்கிழமை நகம் வெட்டுகிறவர். அதனால் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீட்டில் சண்டை வர இனிமேல்தான் ஒரு செடி வேண்டுமா என்று கேட்டேன். அம்மா சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

இந்த நம்பிக்கை அம்மாவுடையது மட்டுமில்லை என்பது பிறகு தெரிந்தது. மராத்தியில் இந்தச் செடிக்குக் களலாவி என்று பெயர். வீட்டுக்கு வீடு கலகம் மூட்டிவிடுகிறவள் என்று ஒரு பெண்ணைத் திட்டவும் அங்கே இதே சொல்தான். சண்டைக்காரச் செடி, சண்டைக்காரப் பெண்.

நான் கிழங்குகளைத் தூக்கிப் போடவில்லை. பழைய பெயிண்ட் வாளியில் மணலும் செம்மண்ணும் கலந்து புதைத்து, மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தேன். வயது நாற்பத்தேழு. சொந்த வீடு. மாதத் தவணையில் பாதி என் சம்பளத்திலிருந்து போகிறது. ஆனாலும் ஒரு செடியை ஒளித்துத்தான் வைத்தேன்.

அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது குறுந்தொகையின் 361-ஆம் பாட்டு. கபிலர் பாடியது. அதில் ஒரு பெண் தோழியிடம் தன் தாயைப் பற்றிச் சொல்கிறாள். மாலையில் அவனுடைய மலையில் மழை பெய்கிறது. காலையில் ஆற்று வெள்ளம் ஒரு காந்தளை வேரோடு அடித்துக்கொண்டு வந்து சேர்க்கிறது. அவள் அதை எடுத்து, இலை வாடிப்போகிற அளவுக்கு அணைத்துக்கொள்கிறாள். வீட்டுக்குக் கொண்டுபோய் நடுகிறாள். அம்மா பார்த்தாள், தடுக்கவில்லை. அதற்காக அவளுக்கு மேலுலகத்தையே கொடுத்தாலும் போதாது என்கிறாள் மகள். அந்தச் செடி யாருடைய மலையிலிருந்து வந்தது என்று அந்தத் தாய்க்குத் தெரியாமலா இருந்திருக்கும்? கண்டும் காணாமல் விட்டுவிட்டாள். எத்தனையோ அம்மாக்கள் செய்கிற பெரிய உதவி அதுதான்.

கல்லூரியில் தமிழ் படித்தபோது எங்களுக்குக் காந்தள் என்றால் விரல். அவ்வளவுதான். பெண்ணின் விரலுக்கு உவமை காந்தள், கண்ணுக்குக் குவளை, பல்லுக்கு முல்லை என்று பட்டியல் போட்டு எழுதினால் மதிப்பெண் வரும். குறுந்தொகை 167-இல் அந்த விரல் என்ன செய்கிறது என்று எங்கள் வகுப்பில் யாரும் நிறுத்திக் கேட்டதில்லை. அது கட்டித்தயிரைப் பிசைகிறது. பிசைந்த கையைக் கழுவ நேரமில்லாமல் கட்டியிருக்கிற துணியிலேயே துடைத்துக்கொள்கிறது. தாளித்த புகை கண்ணில் ஏறுகிறது. அவன் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னதும் அவள் முகம் இலேசாக மலர்கிறது. மென்மைக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட விரல், பாட்டுக்குள் சமையல்கட்டில் தயிர் வாடையோடு இருக்கிறது. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் நீண்ட பட்டியல் காந்தளில்தான் தொடங்குகிறது. அந்தப் பட்டியலும் ஒரு பெண் பேச்சு. தினைக்காவலுக்குப் போன பெண்கள் தாங்கள் பறித்துக் குவித்த பூக்கள் இவை என்று தோழி செவிலியிடம் அடுக்குகிறாள். பறித்தவர்களும் நட்டவர்களும் பெண்கள். உவமையாக ஆனவர்களும் அவர்கள்தான்.

இன்று காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர். ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் இதுவே. ஈழத்தில் கார்த்திகைப்பூ என்கிறார்கள், மாவீரர் நாளோடு சேர்த்து நினைக்கப்படும் பூ. இத்தனை மரியாதைக்கு உரியது எங்கள் பக்கம் எங்கே இருக்கிறது என்றால், புதர்க்காடு மிச்சமிருக்கிற இடங்களில் மட்டும். 1937-இல் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்தபோது சேலையூர்க் காட்டில் அதற்கு இடம் கிடைத்தது. அந்த வளாகத்தின் மரங்களுக்கடியில், நன்மங்கலம் காப்புக்காட்டில், வண்டலூர்ப் பக்கம் வேலி முள்ளில், மழைக்காலத்தில் தேடினால் கண்ணில் படும். மற்ற இடமெல்லாம் மனை. எங்கள் தெருக்கோடியில் எழுந்த அடுக்ககத்துக்கு ஆங்கிலத்தில் ஏதோ ஒரு பூவின் பெயர் வைத்திருக்கிறார்கள். என்ன பூ என்று நான் தேடிப் பார்க்கவில்லை.

முதல் வருடம் வாளியில் ஒன்றும் முளைக்கவில்லை. இந்தக் கிழங்கின் ஒவ்வொரு கவட்டையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்குருத்துதான் உண்டு. அது ஒடிந்தால் அந்தக் கவை போச்சு. பொக்லைன் வாயிலிருந்து வந்த கிழங்கில் எத்தனை நுனி மிஞ்சியிருக்கும்? கலப்பைக்கிழங்கு என்று இதற்கு இன்னொரு பெயர், அந்த வளைவுக்காக. சமஸ்கிருதத்தில் லாங்கலி. அதற்கும் கலப்பை என்றுதான் பொருள்.

சமஸ்கிருதப் பெயர்களைத் தேடியபோதுதான் மற்றொரு பெயர் கண்ணில் பட்டது. அந்த வருடம் மார்கழியில், முழங்கால் வலிக்காக அம்மாவைத் தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு அழைத்துப் போவேன். வெளிநோயாளிகள் வரிசை நீளமாக இருக்கும். உட்கார்ந்து கைப்பேசியில் எதையாவது படிப்பது வழக்கம். அன்று வாசித்துக் காட்டினேன்: "இங்க பாரும்மா, உன் கண்வலிக்கிழங்குக்கு எத்தனை பேரு. லாங்கலி, அக்கினிசிகை, கர்ப்பபாதினி…"

"அப்டின்னா?"

"கர்ப்பத்தைக் கலைக்கிறதுன்னு அர்த்தம்."

அம்மா எண் கூப்பிடுகிறார்களா என்று பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். மருத்துவரைப் பார்த்து, தைலம் வாங்கி, வெளியே வந்து, ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் பேசினார். லாரிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை.

அம்மாவுக்கு ஓர் அக்கா இருந்தார் என்பது எனக்குத் தெரியும். சின்ன வயதிலேயே வாந்தி பேதியில் போய்விட்டார் என்றுதான் சொல்வார்கள். வீட்டில் படம்கூட இல்லை. அந்தப் பெரியம்மா இறந்தது 1969-இல். இருபத்து நான்கு வயது. மூன்று பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்கு இன்னும் பல் முளைக்கவில்லை, அதற்குள் நான்காவது நின்றுவிட்டது. புருஷன் வீட்டில் சொல்லவில்லை. ஆயாவிடமும் சொல்லவில்லை. ஊரில் ஒரு கிழவி இந்த மாதிரிக் காரியத்துக்குக் கிழங்கு கொடுப்பாளாம். கொல்லை வேலியில் வளர்ந்த கிழங்கு. ராத்திரியே வாந்தி தொடங்கிவிட்டது. மறுநாள் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "என்ன தின்னான்னு டாக்டரு கேட்டுக்கினே இருந்தாரு. ஆயா வாயத் தொறக்கல. சொன்னா போலீஸ் கேஸாயிடும்னு பயம். மூணாம் நாளு போயிட்டா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நாந்தான கூட இருந்தேன், அவ வூட்டுல புள்ளைங்களப் பாத்துக்க. கிழங்கு வாங்கியாந்ததே நாந்தான். எதுக்குன்னு எனக்குத் தெரியாது. பதினஞ்சு வயசு."

பஸ் வந்தது. கூட்டம். அம்மாவுக்கு இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. தாம்பரம் வரைக்கும் நான் அம்மாவின் தலைவகிட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஆயாவின் பயம் வீண் பயம் இல்லை. 1860-இன் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 312-ஆம் பிரிவு கருக்கலைப்பைக் குற்றம் என்றது. பெண்ணின் உயிரைக் காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் மட்டும் விலக்கு. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அந்தப் பிரிவின்படி குற்றவாளிதான். இப்படி ஒளிந்து செய்து இறந்துபோகிற பெண்களின் கணக்கு ஏறிக்கொண்டே போனதால் 1964-இல் மத்திய அரசு சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. அது 1966-இல் அறிக்கை கொடுத்தது. மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெரியம்மாவுக்கு மூன்று வருடம் தாமதம்.

சட்டம் வந்தபிறகும் அது பெண்ணின் உரிமை என்று சொல்லவில்லை. மருத்துவர் சரியென்று கருதினால் செய்யலாம் என்றுதான் சொல்கிறது. கருத்தடை முறை தவறிப்போனதைக் காரணமாகச் சொல்லும் வசதி மணமான பெண்ணுக்கு மட்டும் இருந்தது. 2021 திருத்தத்தில்தான் 'கணவர்' என்ற சொல் போய் 'இணையர்' என்று வந்தது. மணமாகாத பெண்ணும் 24 வாரம் வரைக்கான சலுகையில் சேருவாள் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லவேண்டியிருந்தது. பதினெட்டு வயது நிரம்பிய பெண் என்றால் அவளுடைய சம்மதம் மட்டும் போதும். வேறு யார் கையெழுத்தும் வேண்டாம். சட்டத்தில் ஆரம்பத்திலிருந்தே இருப்பது இது. ஆனால் சில வருடங்களுக்கு முன் ஒரு தோழிக்குத் துணையாக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனபோது, வரவேற்பில் இருந்த பெண் படிவத்தை நீட்டிவிட்டு என்னைப் பார்த்து, "ஹஸ்பண்ட் வரலையா? சைன் வேணுமே" என்றார். சட்டம் என்ன சொல்கிறது என்று அன்று எனக்கும் தெரியாது. இருவரும் பேசாமல் திரும்பினோம். வேறு இடம் தேட ஐந்து நாள் ஆயிற்று.

கிழங்கில் இருப்பது கோல்சிசின். அது உடம்புக்குள் செய்கிற வேலையை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளிருக்கும் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்க நுண்ணிய நூல்கள் உருவாகும். கோல்சிசின் அந்த நூல் உருவாகாமல் தடுக்கும். பிரிவு பாதியில் நின்றுபோகும். வேகமாகப் பிரியும் செல்கள்தான் முதலில் அடிவாங்கும். கருவும் அப்படித்தான். குடலின் உட்படலமும், எலும்பு மஜ்ஜையும், முடியின் வேர்க்காலும் அப்படித்தான். அதனால்தான் முதலில் வாந்தியும் பேதியும். தப்பிப் பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் தலைமுடி மொத்தமாகக் கொட்டுவதும் அதனால்தான். இலங்கையில் அப்படி நடந்த ஒன்று 1966-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. கருவை மட்டும் போய்ச் சேருகிற நஞ்சு அது இல்லை. முறிமருந்து என்று கையில் எடுத்துக் கொடுக்க மருத்துவமனைகளில் இன்றும் ஒன்றும் கிடையாது. இதே பொருள் சரியான அளவில், மருத்துவர் கையில், கௌட் என்னும் மூட்டுவாதத்துக்கு நல்ல மருந்து. அந்த நோய் ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

அந்த மருந்துக்காகத் திருப்பூர் மாவட்டத்து மூலனூர், தாராபுரம் பக்கமும், திண்டுக்கல்லில் ஒட்டன்சத்திரம் பக்கமும், வேதாரண்யத்திலும் காந்தளைப் பயிராகவே செய்கிறார்கள். விவசாயிகள் சொல்வது கண்வலிக்கிழங்கு என்றுதான். காந்தள் என்று யாரும் சொல்வதில்லை. விற்பது விதை. பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போகிறது. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு மூலனூர் பக்கம் ஊர். அடுத்த ஐப்பசியில் அவரோடு போனேன்.

காலை ஆறரைக்கு வயலில் பெண்கள் நின்றார்கள். கம்பி இழுத்துக் கட்டிய பந்தலில் இடுப்பு உயரத்துக்குக் கொடி. எங்கள் தெருமுனையில் ஏழெட்டுப் பூ பார்த்துப் பழகிய எனக்கு, ஏக்கர் கணக்கில் சிவப்பைப் பார்த்ததும் கண் கூசியது. காந்தள் பூவில் சூல்தண்டு நேராக நிற்காது. அடியிலேயே மடங்கி, ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு, தன் மகரந்தத்திலிருந்து விலகி நிற்கும். காட்டில் பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் வந்து ஒரு பூவுக்கும் மறு பூவுக்கும் உறவு ஏற்படுத்தும். இத்தனை பூவுக்கு அவை போதாது. அதனால் ஆள் வைத்துக் கையால் மகரந்தம் சேர்க்கிறார்கள். ஒரு பூவின் மகரந்தப்பையை எடுத்து, மற்றப் பூக்களின் சூல்முடியில் ஒவ்வொன்றாகத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். அழுத்தினால் ஒடியும். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு பெண் பேசிக்கொண்டே செய்தார், கண் பேச்சில், விரல் பூவில். விரல் நுனி முழுக்க மஞ்சள். கையுறை ஏதும் இல்லை.

ஆண்கள் யாரும் இந்த வேலைக்கு வருவதில்லையா என்று கேட்டேன்.

"அவுங்களுக்குக் கை வராதுங்க. பூவ ஒடிச்சுப் போடுவாங்க."

"அப்போ உங்களுக்குத்தான் கூலி அதிகமா?"

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். மருந்தடிக்க வருகிற ஆணுக்கு என்ன கூலி, தங்களுக்கு என்ன கூலி என்று சொன்னார். பாதிக்குக் கொஞ்சம் மேல். கை நயம் வேண்டும் என்பதற்காகத்தான் கூப்பிடுகிறார்கள். அந்தக் கை நயத்துக்குத் தனியாக விலை கிடையாது. இது தமிழ்நாட்டு மாநில மலர் என்றேன். "அப்படீங்களா? அதுக்குன்னு கூலி ஏதாச்சும் சேத்திக் குடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். ஒன்பதரை மணிக்கு எல்லாரும் வாய்க்கால் தண்ணீரில் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினார்கள். கழுவாமல் சாப்பாட்டுப் போசியைத் தொடக் கூடாது என்று ஒரு சின்னப் பெண்ணை அதட்டினார் ஒரு பாட்டி. அந்த வயலில் நான் கேட்ட ஒரே பாதுகாப்பு விதி அது.

கவிஞர்கள் பார்த்தது பூவின் வடிவத்தை. அந்தப் பூவைத் தொட்டுத் தொட்டு மஞ்சளான விரலை யாராவது எழுதியிருக்கிறார்களா என்று திரும்பும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வயிறு பசித்தது. நானும் கையை இரண்டு தரம் கழுவிவிட்டுத்தான் வடையை எடுத்தேன்.

மூன்றாவது வருடம் ஆடியில், பெயிண்ட் வாளியில் ஒரே ஒரு முளை வந்தது. அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் மாலை, துணி எடுக்கப் போன என்னிடம், "அந்த வாளியாண்ட ஒரு குச்சி நட்டு வெய்யி. பிடிச்சுக்க ஒண்ணும் இல்லாம தவிக்குது" என்றார். முழங்கால் வலியோடு எப்போது மாடி ஏறினார் என்று நான் கேட்கவில்லை. காந்தளின் இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகும். நட்ட குச்சியை மறுநாளே பிடித்துக்கொண்டது. அக்கா மகனின் குழந்தைகள் வந்தால் எட்டாத உயரத்தில், தொட்டி மேடையில் வாளியை ஏற்றி வைத்தோம். நான் பிடிக்க, அம்மா தள்ளினார்.

"அவ பேரு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். பெயரைச் சொன்னார். அம்மா சொல்லி நான் கேட்ட முதல் தரம் அது. இங்கே எழுதப்போவதில்லை. எழுதலாமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். கதையை எழுதிக்கொள், பேர் வேண்டாம் என்றார்.

புரட்டாசிக் கடைசியில் பூத்தது. அன்று மழை. அம்மாவால் படி ஏற முடியவில்லை. கைப்பேசியில் படம் எடுத்துக் கீழே கொண்டுபோய்க் காட்டினேன். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண் வலிக்குதுடி" என்று சொல்லிக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.